ஞாயிற்றுக்கிழமைப் பால்

என் மனைவிக்கு இரண்டு ஆண்டுகள் நான் என் கையாலேயே எலும்பு மாத்திரை கொடுத்தேன். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. அந்த மாத்திரைகளில் ஒன்றாவது அவள் எலும்பைப் போய்ச் சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம். அதற்குக் காரணம் நான். அது தெரிந்த பிறகும் நான்கு மாதம் வாயைத் திறக்கவில்லை. மாத்திரையை வீணாக்கியது அறியாமை என்று விட்டுவிடலாம். அந்த நான்கு மாதத்துக்கு அப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கடைசிப் பதினோரு ஆண்டுகள் சுங்கை பெசார் போகும் வழியில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய பள்ளிக்குத் தலைமையாசிரியர். ஆள் பற்றாத பள்ளி என்பதால் அறிவியல் பாடமும் என் தலையில்தான் விழுந்தது. பால் குடித்தால் எலும்பு வலுவாகும் என்று ஆண்டுதோறும் நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் இந்தப் பக்கம் ஒரு பசு, அந்தப் பக்கம் ஒரு தொடையெலும்பு வரைவேன். பசுவின் மடியிலிருந்து எலும்புக்கு ஓர் அம்புக்குறி போடுவேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. அதற்கு மேல் எவரும் கேட்டதும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு புக்கிட் பெலிம்பிங்கில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். என் மனைவி கல்யாணத்துக்கு முன்பு ரப்பர் மரம் சீவியவள். தோளில் காண்டாக்கட்டையைப் போட்டு, இரு முனையிலும் தொங்கும் இரண்டு வாளி ரப்பர்ப் பாலை மேட்டில் சுமந்து ஏறியவள். பிறகு செம்பனைக் காட்டில் புல் வெட்டினாள், உதிர்ந்த பழங்களைப் பொறுக்கினாள். அந்த உடம்புக்குள் இருப்பது இரும்பு என்றே நினைத்திருந்தேன். கொஞ்ச நாளாகச் சேலைக் கொசுவம் தரையில் இழுபடுவதைப் பார்த்து, "வயசான காலத்துல ஒழுங்கா கட்டத் தெரியல உனக்கு" என்று சொல்லியிருக்கிறேன். அவள் இரண்டு விரற்கடை உயரம் குறைந்திருந்தாள். சேலை அப்படியேதான் இருந்தது.

ஒரு நாள் பின்கட்டுக் குழாயடியில் வழுக்கி, கையை ஊன்றினாள். ஊன்றிய கை மணிக்கட்டில் உடைந்தது. இப்படிச் சும்மா விழுந்ததற்கு எலும்பு உடையக் கூடாது என்று சொல்லி, டாக்டர் எங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் எடுக்க அனுப்பினார். எலும்பு மெலிந்திருப்பது அதில் தெரிந்தது. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாகக் கரையும் என்றும், கரையும்போது எங்கும் வலிக்காது என்றும், உடைந்த பிறகுதான் பலருக்கு விஷயமே தெரியவரும் என்றும் அங்கிருந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். தினமும் நடக்க வேண்டும், வெயில் படவேண்டும், நெத்திலியும் தவ்வு என்னும் சோயாக்கட்டியும் கீரையும் சாப்பிட வேண்டும், வீட்டில் வழுக்கும் இடங்களைச் சரிசெய்ய வேண்டும். இத்துடன் தினமும் ஒரு சுண்ணாம்புச்சத்து மாத்திரை, வாரத்துக்கு ஒரு எலும்பு மாத்திரை.

மருந்து கொடுக்கும் முகப்பில் மலாய்க்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். எலும்பு மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து என் பழைய மாணவன் ஒருவன் நாற்காலியிலிருந்து எழுந்து, "சார், நீங்க உட்காருங்க சார்" என்றான். இப்போது லோரி ஓட்டுகிறான். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அவன் எந்த வருடத்து மாணவன், வாய்ப்பாட்டில் எங்கே தடுக்கி விழுவான் என்றெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். முகப்பிலிருந்த பெண், "புரிந்ததா?" என்று மலாயில் கேட்டாள். "புரிந்தது" என்று மலாயிலேயே சொன்னேன். நல்ல உச்சரிப்புடன் சொன்னேன்.

பொட்டலத்தின் மேல் சிறிய எழுத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. மனைவிக்கு வசதியாக இருக்கட்டும் என்று மாத்திரைகளைப் பிரித்து ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு, 'ஞாயிறு' என்று தமிழில் அழகாக எழுதி ஒட்டினேன். பொட்டலத்தைக் குப்பையில் போட்டேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவன், அதை வாசிக்கவில்லை.

முதல் ஞாயிறு காலை பால்காரர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்த பசும்பாலைக் காய்ச்சி, பனங்கற்கண்டு போட்டு, மாத்திரையுடன் நீட்டினேன். அதுவரை நான் அடுப்படியில் நின்றதே இல்லை. அதனால் எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அவள் வாங்கவில்லை.

"என்னங்க, அந்தப் பொண்ணு தண்ணினு சொன்ன மாதிரி இருந்துச்சே."

"எந்தப் பொண்ணு?"

"மருந்து குடுத்துச்சே, அதுதான். ஆயர் கோசோங்னு சொல்லுச்சு. வெறுந்தண்ணி."

"உனக்கு மலாய் எங்க புரியும்? பசார்ல மீன் வாங்குற மலாய் வேற, ஆஸ்பத்திரி மலாய் வேற."

"தண்ணிக்குமா ரெண்டு மலாய் இருக்கு?"

"தண்ணில என்ன சத்து இருக்கு? எலும்புக்கு மாத்திரை, எலும்புக்குப் பால். ரெண்டும் சேர்ந்தா இன்னும் நல்லது. குடி."

"சாருக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். அவளுக்குப் பால் சிறு வயதிலிருந்தே ஆகாது. இரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடித்தாள். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் கூடவே கொடுத்துவிடுவேன். ஒரே வேலையாக முடியும் என்று. டம்ளர் காலியாகும்வரை பக்கத்தில் நிற்பேன்.

மற்றதையெல்லாம் ஒழுங்காகவே செய்தோம். காலையில் ஆற்றங்கரைப் பக்கம் நடந்தோம். நெத்திலியை வறுத்துத் தின்றோம். குழாயடியில் சொரசொரப்பான கல் பதித்தேன். கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தேன். மாதாமாதம் மருந்து எடுக்க நான் தனியாகத்தான் கோலா சிலாங்கூருக்குப் போவேன். சாப்பிடும் முறை தெரியுமா என்று கேட்பார்கள். தெரியும் என்பேன்.

இரண்டு ஆண்டு கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். அன்று கிள்ளானிலிருந்து எங்கள் மகளும் லீவு போட்டு வந்திருந்தாள். எங்களுக்கு அவள் ஒருத்திதான். எலும்பு கூடவில்லை, முன்பைவிடக் குறைந்திருந்தது. டாக்டர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு என் மனைவியைப் பார்த்து, "ஆன்ட்டி, மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். இவள் சாப்பிட்டேன் என்றாள். எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று அடுத்து கேட்டார். அதற்கு நான் பதில் சொன்னேன். "சரியாகத்தான், டாக்டர்" என்றேன். ஆறு மாதம் கவனமாகச் சாப்பிட்டு வரட்டும், அப்போதும் தேறாவிட்டால் ஊசிக்கு மாற்றலாம் என்று எழுதினார். அடுத்து உடைவது இடுப்பாக இருக்கலாம் என்றும் சொன்னார். இந்த வயதில் இடுப்பு உடைந்தால் பழையபடி நடப்பது கஷ்டம்.

மகள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு காரை எடுக்கப் போனாள். நான் மருந்து முகப்புக்குப் போனேன். இந்த முறை ஓர் இளைஞன். எனக்கு எழுந்து இடம் கொடுக்க ஆள் இல்லை. அதனால் அவன் சொன்னதெல்லாம் காதில் விழுந்தது. எழுந்தவுடன் வெறும் வயிற்றில். ஒரு முழு டம்ளர் சாதாத் தண்ணீருடன். பால் கூடாது, மைலோ கூடாது, காப்பி கூடாது. அரை மணி நேரம் உட்கார்ந்தோ நின்றோ இருக்க வேண்டும், படுக்கக் கூடாது, வேறு எதுவும் சாப்பிடக் கூடாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையைப் பிறகு வேறு நேரத்தில் எடுக்க வேண்டும்.

பால் குடித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். யாருக்காகவோ கேட்பதுபோல் கேட்டேன்.

பாலில் உள்ள சுண்ணாம்புச்சத்து வயிற்றிலேயே மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் ஏற விடாது என்றான். "சாப்பிடாததற்குச் சமம், சிக்கு" என்றான். வாத்தியார்களை மலாய்க்காரர்கள் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். புரிந்ததா என்று கேட்டான். புரிந்தது என்றேன்.

காரில் முன்சீட்டில் உட்கார்ந்தேன். பின்சீட்டில் மனைவி. மகள் ஓட்டிக்கொண்டே தொடங்கிவிட்டாள்.

"மா, டாக்டர்கிட்டப் போயி ஏம்மா பொய் சொல்றீங்க?"

"நான் எதுக்குடி பொய் சொல்றேன்? வாரா வாரம் உங்கப்பாதானே கையில குடுக்குறாரு."

"கையில குடுப்பாரு லா. வாயிக்குப் போச்சா, முருங்கைக்குப் போச்சா?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மகள் வயிற்றில் இருந்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். வாந்தி வருகிறது என்று என் மனைவி அதையெல்லாம் லயத்து வீட்டுக்குப் பின்னால் நின்ற முருங்கை மரத்தின் வேரில் புதைத்துவிட்டாள். அந்த முருங்கை காய்த்த காயைப் பற்றி நாற்பது ஆண்டுகளாக ஒவ்வொரு விருந்திலும் சொல்லிச் சிரிக்க வைத்தவன் நான்தான். மகளுக்கு அம்மாவைப் பற்றித் தெரிந்த முதல் கதையே அதுவாக இருக்கலாம்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "பா, நீங்க சொல்லுங்க. அம்மா முழுங்குனதக் கண்ணால பாத்தீங்களா?"

அந்தக் கேள்விக்கு நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கார் அப்போது பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது.

"குடுத்தேன். முழுங்குனத உத்துப் பாக்கல" என்றேன்.



அடுத்த ஞாயிறு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். "பாலு?" என்றாள். மாத்திரையை மாற்றிவிட்டார்கள், இதற்குத் தண்ணீர்தானாம் என்றேன். போத்தலில் இருந்தது பழைய மாத்திரைதான், அதே நிறம், அதே வடிவம். அவள் அதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு விழுங்கினாள். முறையில் எந்தப் பிசகும் இல்லாமல் அரை மணி நேரம் அவளை உட்கார வைத்தேன். மாத்திரை விஷயத்தில் செய்த தப்பைச் சரிசெய்துவிட்டேன், இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

ஆனால் மகள் சும்மா இருக்கவில்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு வீடியோவில் கூப்பிடத் தொடங்கினாள். தன் கண் முன்னால் அம்மா விழுங்க வேண்டும் என்றாள். ஃபோனைப் பிடிக்கும் வேலை எனக்கு.

"மா, வாயத் திறங்க. நல்லா. நாக்கத் தூக்குங்க. பா, கிட்டக் கொண்டு போங்க, ஒண்ணும் தெரியல."

கிட்டக் கொண்டுபோனேன்.

"பல்லு எத்தனைன்னும் எண்ணிக்கோடி" என்றாள் என் மனைவி வாயைத் திறந்தபடியே.

முதல் சில வாரம் அவள் இப்படிக் கிண்டல் செய்தாள். பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு எங்கள் வீட்டுச் சத்தம் எல்லாம் கேட்கும். "என்னக்கா, மாத்திரையத் துப்புறீங்களாமே?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். அதன் பிறகு கிண்டல் நின்றுவிட்டது. ஏழு மணிக்கு முன்பே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். ஃபோன் அடித்ததும் வாயைத் திறப்பாள். தவறை ஒப்புக்கொள்ளும் மாணவனை அடிக்காத வாத்தியார் என்று பெயர் எடுத்தவன் நான். ஒரு தவறும் செய்யாத எழுபது வயதுப் பெண்ணின் வாய்க்குள் வெளிச்சம் அடித்துக்கொண்டு நின்றேன். நான்கு மாதம்.

நான்காம் மாதத் தொடக்கத்தில், அம்மாவைத் தன்னுடன் வைத்துக்கொள்ளப் போவதாக மகள் சொன்னாள். கிள்ளானில் அவளுக்கு ஒன்பதாவது மாடியில் வீடு.

"ஒம்போதாவது மாடில நான் என்னடி செய்வேன், காக்கா மாதிரி குந்திக்கிட்டு?"

"நாளைக்கு இடுப்பு ஒடஞ்சா அப்பாவால தூக்க முடியுமா? அங்க நான் பாத்துக்குவேன்."

"எனக்கு இங்க என்ன கொற?"

"உங்கள நம்ப முடியலம்மா, அதான்."

மகள் கெட்டவள் இல்லை. பயந்திருந்தாள். பயத்துக்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது, அதை நான் கொடுத்திருந்தேன். மனைவி இரண்டு வாரம் எதிர்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். கோழிகளை யாரிடம் கொடுப்பது, வெள்ளிக்கிழமை கோயிலில் பூக்கட்ட யார் போவது என்று பேச ஆரம்பித்தாள். போகிறேன் என்று அவள் வாயால் சொல்லவே இல்லை.

மகள் வந்த சனிக்கிழமை காலை, பை கூடத்தில் தயாராக இருந்தது. மனைவி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, அரிசி எங்கே, பருப்பு எங்கே, எந்தக் கோழி வேலிக்கு வெளியே முட்டையிடும் என்று காட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏங்க, ஒருவேள நான் துப்பிட்டுத்தான் மறந்துட்டேனோ?"

"என்ன?"

"இத்தன பேரு சொல்றீங்க. ஸ்கேன்லயும் வந்திருக்கு. எனக்கு ஞாபகம் பெசகிப் போச்சோனு பயமா இருக்கு. மககிட்ட சொல்லாதீங்க."

எலும்பைப் பற்றி நான் பயந்திருந்தேன். மகளின் கோபத்துக்குப் பயந்திருந்தேன். என் பெயரைப் பற்றி எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயந்திருந்தேன். இவள் தன் புத்தியையே சந்தேகப்படும் இடத்துக்கு வந்திருக்கிறாள் என்பது என் கணக்கில் இல்லை. பருப்பு டின்னின் மூடி என் கையில் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே கூடத்துக்குப் போனேன்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"சீக்கிரம் சொல்லுங்கப்பா, ஜாம் ஆயிடும்" என்றாள் மகள்.

நின்றுகொண்டே சொன்னேன். பால், பனங்கற்கண்டு, தண்ணீர் என்று அம்மா சொன்னது, நான் சொன்ன பதில், முகப்பில் அந்த இளைஞன் சொன்னது, காரில் நான் சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மருந்து எப்படி வயிற்றிலேயே நின்றுபோகும் என்றுகூட விளக்கினேன். பழக்கம். டம்ளர் காலியாகும்வரை ஒவ்வொரு வாரமும் பார்த்துக்கொண்டு நின்றேன், உன் அம்மா ஒரு மாத்திரைகூடத் துப்பியதில்லை என்றேன்.

"எத்தன நாளா உங்களுக்குத் தெரியும்?"

"ஸ்கேன் எடுத்த அன்னிலேருந்து."

மகள் சாவியை மேசையில் வைத்தாள். அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அய்யோ, மா" என்று மட்டும் சொன்னாள்.

மனைவி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆயர் கோசோங்னுதானே சொல்லுச்சு அந்தப் பொண்ணு?"

"ஆமா."

"மீன் வாங்குற மலாய்னீங்க."

"ஆமா."

"சரி, அது போவட்டும். தெரியாம செஞ்சீங்க. நானும் பால மூக்கப் பிடிச்சிக்கிட்டுக் குடிச்சிட்டேன்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தெரிஞ்ச பெறகு ஃபோனப் பிடிச்சிக்கிட்டு நின்னீங்களே. வாயத் தொறனு நிக்க வச்சீங்களே. அத என்னான்னு சொல்றது?"

பருப்பு டின்னின் மூடி இன்னும் கையில் இருந்தது.

மகள் பையை எடுத்து உள்ளே கொண்டுபோகப் பார்த்தாள். "இருக்கட்டும் மா, நீங்க இங்கயே இருங்க. நான்தான் உங்களப் போயி..."

"பைய வண்டில வை" என்றாள் என் மனைவி.

"தப்பு அப்பாவோடதுதானேம்மா?"

"அதனாலதான் போறேன்."

போய்விட்டாள். இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் நான் சமைத்தது, கோழிகள் என்னை மதிக்காதது, இவையெல்லாம் இங்கே தேவையில்லை. மகளிடம் பேசுவேன். அம்மா நன்றாக இருக்கிறார், கீழே இறங்கிப் பூங்காவில் நடக்கிறார் என்பாள். அம்மா ஃபோனுக்கு வரமாட்டாள். வற்புறுத்த எனக்கு வாய் இல்லை.

ஆறாவது மாதம் டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள் வந்தது. மகள் அவளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, காரை நிறுத்த இடம் தேடிப் போனாள். நான் முன்பே வந்து வாசலில் நின்றிருந்தேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க" என்பதுதான்.

சொன்னேன். மலாயில் சொன்னேன். என் மகளைவிட வயது குறைந்த அந்த டாக்டர் குறித்துக்கொண்டு, பலரும் இப்படித்தான் செய்கிறார்கள் அங்கிள், நானும் அன்று இன்னும் கேட்டிருக்க வேண்டும் என்றார். ஆறுதலுக்காகச் சொன்னார். பிறகு முதல் தடவையாக என் மனைவியின் பக்கம் முழுதாகத் திரும்பி, "சாரி, ஆன்ட்டி" என்றார். ஊசியைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம், இதே மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டு ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்றார். இழந்த இரண்டு ஆண்டுகளை எப்படித் திரும்பப் பெறுவது என்று நான் கேட்டேன். அதற்கு மருந்து இல்லை என்றார். விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

மருந்து முகப்பில் எண்ணைக் கூப்பிட்டதும் பழக்க தோஷத்தில் எழுந்தேன். மனைவி கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். அவளே போனாள். அந்த இளைஞன் பேசினான். மீன் வாங்கும் மலாயில் அவள் இரண்டு கேள்வி கேட்டாள், அவன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான், மூன்றாவதாக ஏதோ கேட்டாள், அவன் பொட்டலத்தைத் திருப்பி எழுத்தைக் காட்டினான். இவ்வளவு நேரம் அந்த முகப்பில் நான் ஒரு நாளும் நின்றதில்லை.

அன்று அவள் கிள்ளானுக்குத் திரும்பவில்லை. கோழிகள் இளைத்துவிட்டன என்று பக்கத்து வீட்டுப் பெண்மணி சொன்னாராம், அதனால் வீட்டுக்கு வந்ததாகச் சொன்னாள். பொட்டலத்தைப் பிரிக்காமல் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள். சாப்பிடும் கிழமையை மாற்றிவிட்டாள் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எழுந்ததும் காப்பி குடிப்பதைப் பார்க்கிறேன். வேறு எந்தக் கிழமை என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.